திரைக்கு எழுதிய பாடம் வகுப்புக்கு வரும்போது

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1997-இல் கட்டடமே இல்லாத ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி தொடங்கியது. ஆரஞ்சு, அலச்சுவா என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்து தொடங்கிய அந்தப் பள்ளி, இன்று 'புளோரிடா விர்ச்சுவல் ஸ்கூல்' என்று அறியப்படுகிறது. தங்கள் ஊர்ப் பள்ளியில் இல்லாத பாடத்தைப் படிக்க விரும்பியவர்கள், தவறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டியவர்கள், தினமும் பள்ளிக்கு வர இயலாதவர்கள் என்று பலவகை மாணவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஆசிரியர் ஓர் ஊரில், மாணவர் வேறோர் ஊரில். இருவருக்கும் நடுவில் இணையமும் தொலைபேசியும் மட்டும்.

அப்படிப்பட்ட பள்ளிகளுக்கென எழுதப்பட்ட பாடங்கள் இப்போது சாதாரண வகுப்பறைக்குள் வந்துகொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டிலும் இது நடக்கிறது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிட்டார்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் பதிவுசெய்த பாடங்கள் ஏராளமாகச் சேர்ந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பல இடங்களில் நடப்பது ஒன்றுதான்: ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் வீடியோவை ஓட விடுவது. இணையவழிப் பாடத்தில் எடுத்துக்கொள்ள எவ்வளவோ இருக்க, இருப்பதிலேயே பயன் குறைந்ததை எடுத்துக்கொள்கிறோம் என்பது என் கருத்து.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்தப் பாடங்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று பார்க்க வேண்டும்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே புரிகிறதா இல்லையா என்று ஊகிக்கலாம். புரியவில்லை என்றால் அந்த நொடியே வேறு உதாரணம் சொல்லலாம். தொலைவில் இருக்கும் மாணவருக்குப் பாடம் எழுதுபவருக்கு இந்த வசதி கிடையாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இந்தப் பாடம் முடிந்ததும் மாணவர் எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? அது தெரிந்துவிட்டது என்பதற்கு எந்தக் கேள்வி சாட்சி? எந்த இடத்தில் தடுக்கி விழுவார்? விழுந்தால் எந்தப் பக்கத்துக்குத் திரும்ப அனுப்புவது? நல்ல இணையவழிப் பாடத்தில் இவை அத்தனையும் எழுத்தில் இருக்கும். வீடியோ அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

புளோரிடா பள்ளி இன்னும் இரண்டு காரியங்கள் செய்தது. ஒன்று, ஆசிரியர் மாதந்தோறும் மாணவரோடும் பெற்றோரோடும் தொலைபேசியில் பேசியாக வேண்டும் என்ற வழக்கம். மற்றொன்று, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் உரையாடல் வழியான மதிப்பீடு. மாணவர் ஆசிரியரை அழைப்பார். ஆசிரியர் பாடத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச வைப்பார். எழுதிய விடைகள் மாணவர் தாமே எழுதியவைதானா என்று உறுதி செய்வது அதன் ஒரு நோக்கம். எவ்வளவு ஆழமாகப் புரிந்திருக்கிறது என்று காதால் கேட்டறிவது இன்னொரு நோக்கம். எழுத்துத் தேர்வில் தப்பித்துவிடும் குழப்பம் பேசும்போது வெளியே வந்துவிடும். மேலும், மாணவர் பாடத்தை வெற்றிகரமாக முடித்தால்தான் அந்தப் பள்ளிக்கு மாநில நிதி கிடைக்கும் என்று சட்டம் வைத்தார்கள். ஆகவே, சேர்த்துவிட்டு மறந்துவிட முடியாது.

இந்த மனிதத் தொடர்பைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே மாநிலம் காட்டியது. 2002-இல் வாக்கெடுப்பு மூலம் புளோரிடாவில் வகுப்பு அளவுக்கு வரம்பு வந்தது. உயர்நிலை வகுப்புகளில் முதன்மைப் பாடங்களுக்கு 25 மாணவர்கள் என்பது உச்சம். இணையவழி வகுப்புகளை இந்த வரம்பு கட்டுப்படுத்தவில்லை. 2010-11 கல்வியாண்டில் மயாமி-டேட் மாவட்டப் பள்ளிகளில் 7,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் கணினி அறைகளில் உட்கார்ந்து இணையவழிப் பாடம் படித்தார்கள். அறையில் பாட ஆசிரியர் இல்லை. கணினியைப் பார்த்துக்கொள்ளவும் ஒழுங்கைக் கவனிக்கவும் ஓர் உதவியாளர் மட்டும் இருந்தார். சில மாணவர்களுக்குப் பள்ளி திறந்த பிறகுதான் தாங்கள் இந்த அறையில் சேர்க்கப்பட்டிருப்பதே தெரியவந்தது. தாமே திட்டமிட்டுப் படிக்கக்கூடியவர்கள் சமாளித்தார்கள். கேள்வி எழும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்று இருந்தவர்கள் திண்டாடினார்கள். பள்ளிக் கட்டடத்துக்குள் பிள்ளைகளை வரவழைத்துவிட்டு, கட்டடம் தரக்கூடிய மிக நல்ல பொருளான ஆசிரியரை மட்டும் எடுத்துவிட்ட ஏற்பாடு அது.

முழுநேரமும் இணையத்தில் மட்டுமே படிப்பதன் விளைவு குறித்து 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவின் முழுநேர இணையவழி சார்ட்டர் பள்ளி (அரசு நிதியில் தன்னாட்சியோடு நடக்கும் பள்ளி) மாணவர்கள், ஒத்த பின்னணி கொண்ட வழக்கமான பள்ளி மாணவர்களைவிடக் கணிதத்தில் 180 கற்றல் நாட்களும் வாசிப்பில் 72 கற்றல் நாட்களும் பின்தங்கியிருந்தார்கள். அமெரிக்கப் பள்ளி ஆண்டே ஏறத்தாழ 180 நாட்கள்தான். மறுபக்கம், 2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்ட தொகுப்பாய்வு, இணையமும் நேரடி வகுப்பும் கலந்த முறை வெறும் நேரடி வகுப்பைவிடச் சற்று நல்ல பலன் தந்ததாகச் சொன்னது. அதே அறிக்கை எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்துக்கொண்டது: கலப்பு முறையில் மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்தன, பலன் அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம். தொழில்நுட்பம் வாங்க விரும்புகிறவர்கள் முதல் வரியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாவது வரிதான் ஆசிரியருக்கு வேண்டியது. கூடுதல் பயிற்சி, கூடுதல் நேரம், உடனுக்குடன் திருத்தம் ஆகியவற்றை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் நம் உழைப்பு போக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். ஓர் இணையவழிப் பாட அலகைக் கையில் எடுத்ததும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எது விளக்கம், எது பயிற்சி, எது சோதனைக் கேள்வி, எது உரையாடல், எது 'இங்கே அழுத்து, அடுத்த பக்கம் போ' என்ற வழிகாட்டல்? கடைசி வகையை அப்படியே விட்டுவிடலாம். வகுப்பில் அதற்கு வேலையில்லை. மற்ற நான்கில் எதை ஆசிரியர் நேரில் செய்வது, எதை மாணவர் தனியே செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு வேதியியலில் மோல் கருத்தை எடுத்துக்கொள்வோம். பல பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து கடந்துபோகும் பகுதி இது. இணையவழிப் பாடத்தில் பத்து நிமிட வீடியோ ஒன்றும், அதன் பின் நாலு விடைகள் கொண்ட கேள்விகளும் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீடியோவைவிட அந்தக் கேள்விகள்தான் புதையல். ஒன்றைப் பார்க்கலாம்: 16 கிராம் ஆக்சிஜன் வாயுவில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன? சரியான விடை 3.011 × 10²³. ஆக்சிஜன் மூலக்கூறின் மோலார் நிறை 32 கிராம். ஆகவே 16 கிராம் என்பது அரை மோல். ஒரு மாணவர் 6.022 × 10²³ என்று சொன்னால், அவர் ஆக்சிஜன் அணுவின் நிறையான 16-ஐ எடுத்துக்கொண்டு ஒரு மோல் என்று முடிவு கட்டியிருக்கிறார். அணுவும் மூலக்கூறும் அவருக்கு இன்னும் பிரியவில்லை. 12.044 × 10²³ என்று சொன்னவர் 32-ஐ 16-ஆல் வகுத்திருக்கிறார். வகுத்தலைத் தலைகீழாகச் செய்தவருக்கு மோல் என்றால் என்ன என்பதே தெளிவாகவில்லை. நிறையை நேரடியாக அவகாட்ரோ எண்ணால் பெருக்கியவரின் கதை வேறு. மூன்று தவறுகள், மூன்று வெவ்வேறு வைத்தியம்.

இணையவழிப் பாடத்தில் தவறான விடையை அழுத்திய மாணவருக்கு அந்தத் தவறுக்கென எழுதிய விளக்கம் திரையில் வரும். வகுப்பில் கணினியே இல்லாமல் இதைச் செய்யலாம். கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, நான்கு விடைகளுக்கும் எண் கொடுத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் விரல்களைக் காட்டச் சொன்னால் போதும். யார் ஒன்று காட்டினார்கள், யார் மூன்று காட்டினார்கள் என்று பத்து நொடியில் தெரிந்துவிடும். பாதி வகுப்பு அணுவையும் மூலக்கூறையும் குழப்புகிறது என்றால் அங்கேயே நின்று மறுபடி சொல்ல வேண்டும். ஐந்து பேர்தான் என்றால், மற்றவர்களுக்குப் பயிற்சிக் கணக்கு கொடுத்துவிட்டு அந்த ஐவரோடு உட்கார வேண்டும். 'புரிஞ்சுதா?' என்று கேட்டு, வகுப்பே ஒரே குரலில் 'புரிஞ்சுது சார்' என்று சொல்வதைக் கேட்டு நகர்வதற்கும் இதற்கும் மிகப் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எடெக்ஸ் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்வையாளர் ஈடுபட்டுப் பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்கள். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் அதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. வகுப்பில் வீடியோ வேண்டும் என்றால், கண்ணால் பார்த்தே தீர வேண்டிய இரண்டு மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி எடுங்கள்: எரிமலை வெடிப்பு, செல் பிரிவது, பள்ளி ஆய்வகத்தில் செய்ய முடியாத சோதனை. ஓட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கொடுத்து, ஓடி முடிந்ததும் விடையை எழுத வையுங்கள். பேச்சு விளக்கத்துக்குப் பதிவு தேவையில்லை. நீங்களே அங்கே இருக்கிறீர்கள்.

கலந்துரையாடல் பகுதியில் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. பல இணையவழிப் பாடங்களில், மாணவர் தம் கருத்தை எழுதிப் பதிந்த பிறகுதான் மற்றவர்கள் எழுதியது திரையில் தெரியும்படி வைத்திருப்பார்கள். ஆகவே எல்லோரும் யோசித்தாக வேண்டும். பிறரைப் பார்த்து எழுத முடியாது. வகுப்பில் கேள்வி கேட்டால் வழக்கமாகக் கை தூக்கும் நாலு பேர் தூக்குவார்கள், கடைசி பெஞ்சு அமைதியாக இருக்கும். கேள்வி கேட்டதும் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் நோட்டில் எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்ட வேண்டும், அதன் பின்தான் பொது உரையாடல் என்று மாற்றினால், அமைதியான பிள்ளைகளிடமும் சொல்வதற்கு ஒன்று கையில் இருக்கும். கூச்ச சுபாவமுள்ள எத்தனையோ பிள்ளைகள் நல்ல கருத்தோடு வாய் திறக்காமலே பள்ளியை முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவாவது இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்க வேண்டும்.

வாய்வழி மதிப்பீடு நாற்பது பேருக்கு நடக்குமா என்று கேட்பார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் மொத்தம் 120 நிமிடம். ஒரே மூச்சில் செய்தால் மூன்று பாடவேளை போய்விடும். வகுப்பு பயிற்சியில் இருக்கும்போது ஒரு பாடவேளைக்கு ஐந்து பேரை மேசைக்கு அழைத்தால் எட்டுப் பாடவேளையில் எல்லோரிடமும் பேசியிருப்போம். 'இந்தக் கணக்கை ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற ஒரே கேள்வி போதும். மதிப்பெண் தேவையில்லை; பெயருக்கு எதிரே ஒரு வரிக் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டை நிரப்பும்போது அந்தக் குறிப்பு உண்மையான தகவலாக இருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான சிக்கல் வேகம். இணையவழிப் பள்ளியில் ஒருவர் ஓர் அலகை நான்கு நாளில் முடிப்பார், இன்னொருவர் மூன்று வாரம் எடுப்பார். யாருக்கும் தொந்தரவு இல்லை. வகுப்பறையிலோ கால அட்டவணை இருக்கிறது, காலாண்டுத் தேர்வு இருக்கிறது, எல்லோரும் ஒன்றாகத்தான் நகர வேண்டும். இதற்கான விடை இணையம் பிறப்பதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டது. 1968-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் முழுத் தேர்ச்சிக் கற்றல் என்ற முறையை முன்வைத்தார். பாடத்தை ஓரிரு வார அலகுகளாகப் பிரித்து எல்லோருக்கும் சேர்த்தே நடத்துவது. முடிவில் மதிப்பெண் கணக்கில் சேராத ஒரு சிறு தேர்வு வைப்பது. தேறியவர்களுக்கு அதே பாடத்தில் ஆழமான வேலை கொடுத்துவிட்டு, தேறாதவர்களுக்கு அவர்கள் தவறிய பகுதியை மட்டும் வேறு விதமாகக் கற்பிப்பது. பிறகு அதே தரத்தில் வேறு கேள்விகளோடு இன்னொரு தேர்வு. அதன் பின் வகுப்பு ஒன்றாக அடுத்த அலகுக்குப் போகும். இணையவழிப் பாடத்தின் தனிவேகத்தை வகுப்புக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்து இதைவிட நடைமுறைக்கு ஏற்ற வழி இல்லை. அலகு முழுவதும் தனித்தனி வேகம் என்று விட்டால் ஆசிரியர் நாற்பது இடங்களில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அலகின் முடிவிலும் ஒன்றிரண்டு நாள் மட்டும் பிரிந்து நடந்தால் சமாளிக்கலாம். 'மெல்லக் கற்போர்' என்று ஆண்டின் தொடக்கத்திலேயே முத்திரை குத்தப்பட்ட பிள்ளை, இந்த முறையில் ஓர் அலகில் திருத்தக் குழுவிலும் அடுத்த அலகில் மற்றக் குழுவிலும் இருப்பதைப் பார்க்கலாம். முத்திரை தானாகவே உதிரும்.

அந்தத் திருத்த நாட்களில்தான் பதிவுசெய்த பாடங்கள் உண்மையில் கைகொடுக்கும். ஹைடெக் லேப் இருக்கும் பள்ளியில் ஒரு குழு அங்கே போய்த் தவறிய பகுதியைத் தம் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்றாலும் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு குழு ஆசிரியரோடும், ஒரு குழு திரையோடும், ஒரு குழு நோட்டோடும் இருந்து இடம் மாறும் சுழற்சி முறையும் உண்டு. ஆனால் 40 நிமிடப் பாடவேளையில் மூன்று முறை இடம் மாறினால் நாற்காலி நகர்த்துவதிலேயே நேரம் போய்விடும். இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாளில் மட்டும் முயன்று பார்ப்பது நல்லது.

வீட்டில் பாடம், பள்ளியில் பயிற்சி என்று தலைகீழாக்கும் முறையைப் பற்றி ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைப் பரவலாக்கியவர்கள் அமெரிக்காவின் கொலராடோவில் உட்லண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இருவர். விளையாட்டுப் போட்டிகளுக்காக நெடுந்தூரம் பயணம் போய் வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காக 2007-இல் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். இணையம் இல்லாத வீடுகளுக்குக் குறுந்தகட்டிலும் பென்டிரைவிலும் கொடுத்தார்கள். பிறகு அவர்களே ஒரு படி மேலே போய், தேர்ச்சி பெற்ற பின் அடுத்த பகுதி என்ற முறைக்கு மாறினார்கள். நம் ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்கெடுக்க வேண்டும்: வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கைப்பேசி கிடைக்கும்? அப்பாவின் கைப்பேசி இரவு எட்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வரும் என்றால், அந்தப் பிள்ளைக்கு வீடியோவை வீட்டுப்பாடமாகக் கொடுப்பது தண்டனை. பாடநூலின் இரண்டு பக்கத்தை மூன்று கேள்விகளோடு வாசித்து வரச் சொன்னாலும் அதே நோக்கம் நிறைவேறும்.

சிலர் வகுப்பில், சிலர் வீட்டில் என்று ஒரே நேரத்தில் நடக்கும் கலப்பு வகுப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரையன் பீட்டி வகுத்த 'ஹைஃபிளெக்ஸ்' முறையில், எந்த வழியில் படித்தாலும் கற்றல் விளைவு சமமாக இருக்க வேண்டும் என்பது ஓர் அடிப்படை விதி. இதை மறந்துவிட்டு, கேமராவைக் கரும்பலகைப் பக்கம் திருப்பி வைத்தால் வீட்டில் இருப்பவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார். இரண்டு பக்கமும் கவனிக்க முயலும் ஆசிரியர் களைத்துப்போவார். நான் பரிந்துரைப்பது இது: நோக்கம், சோதனைக் கேள்வி, முடிக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அங்கே போய்ச் சேரும் வழி மட்டும் வேறாகட்டும். வகுப்பில் இருப்பவருக்கு ஆசிரியரின் விளக்கம். வீட்டில் இருப்பவருக்கு அதே பகுதியின் பதிவோ அச்சுத்தாளோ, அதோடு வாரம் ஒருமுறை பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு. அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்கும், கால் முறிந்து வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும் இந்த ஏற்பாடு தயாராக இருந்தால், திரும்பி வரும் நாளில் அவர்கள் எதுவும் தெரியாமல் உட்கார வேண்டியிருக்காது.

இதை ஆண்டு முழுமைக்கும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். எந்த அலகில் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறுகிறார்களோ அதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பாடங்களை எழுதுபவர்கள், மாணவர்கள் எந்தக் கேள்வியில் அதிகம் தவறினார்கள் என்று பார்த்து அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுகிறார்கள். வகுப்பாசிரியருக்கு அந்தத் தகவல் தினமும் கண்ணெதிரே கிடைக்கிறது, ஆனால் எழுதி வைக்காததால் மார்ச் மாதத்தோடு மறைந்துபோகிறது. பாடக்குறிப்பின் ஓரத்தில், எந்தக் கேள்விக்கு எத்தனை பேர் எந்தத் தவறான விடையைச் சொன்னார்கள், எந்த விளக்கம் கொடுத்தபின் தெளிந்தார்கள் என்று இரண்டு வரி எழுதி வைக்கலாம். பணிமாறுதலில் வேறு பள்ளிக்குப் போகும்போது, அந்த நோட்டின் ஒரு நகலை அடுத்து வரும் ஆசிரியருக்காகப் பாட அலமாரியிலேயே விட்டுச் செல்லலாம்.